சுருளின் தடையும் ஆவியின் சூடும்

மின்சாரத்தால் ஆவியெழுப்பிப் புகைக்கும் குழல் ஒன்று சில ஆண்டுகளாக மாணவர் கூட்டங்களில் தலைகாட்டி வருகிறது. 'வேப்' என்பது அதன் வழக்குப் பெயர். தமிழில் மின்சிகரெட்டு எனலாம். இந்தியாவில் அதன் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் யாவும் 2019 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டுள்ளன. தடைக்குப் பின்னும் அது கைமாறுகிறது என்பதை விடுதிவாசிகள் அறிவர். அதைக் கையில் வைத்திருப்போர், "இது அரை ஓம்", "அது நாற்பது வாட்டு" என்று பேசிக்கொள்வதும் நம் காதில் விழுகிறது. அப்பேச்சினுள் இரண்டு எண்ணங்கள் மறைந்து கிடக்கின்றன. வாட்டு கூடினால் கருவி சிறந்தது என்பது ஒன்று. புகையிலை எரியாததால் தீங்கு ஒன்றும் இல்லை என்பது மற்றொன்று.

இவ்விரண்டையும் சோதிக்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. பள்ளியில் நாம் கற்ற பௌதிகமே பெரும்பாலும் போதும். ஓம் என்பதும் வாட்டு என்பதும் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருவியின் அமைப்பு

புகையிலையை எரிக்காமல் சூடான, வாசனையூட்டிய காற்றை இழுக்கும் கருவி ஒன்றுக்கு ஹெர்பர்ட் கில்பர்ட் என்ற அமெரிக்கர் 1965-இல் காப்புரிமை பெற்றார். அது வணிகத்தில் நிலைக்கவில்லை. இன்று உலவும் மின்சிகரெட்டுக்கு மூலவர் ஹான் லிக் என்ற சீன மருந்தாளர். அவர் அதனை உருவாக்கியது 2003-இல். அவருடைய முதற்கருவி நுண்ணிய அதிர்வுகளால் திரவத்தைத் துளிகளாக்கியது. பின்னர் வந்தவை பெரும்பாலும் கம்பிச்சுருளின் சூட்டையே நம்பின.

இதன் உறுப்புகள் சிலவே. ஒரு லித்தியம் பேட்டரி. அதனோடு இணைந்த சிறு கம்பிச்சுருள். சுருளுக்குள் செருகிய பஞ்சுத்திரி. திரியை நனைக்கும் திரவத் தொட்டி. வாயில் வைக்கும் குழல். திரவத்தில் புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் என்ற இரண்டும் மிகுதி. அவற்றோடு நிக்கோட்டினும் வாசனைச் சரக்குகளும் கலந்திருக்கும். பொத்தானை அழுத்தினால் சுருள் சூடேறுகிறது; திரியிலுள்ள திரவம் ஆவியாகிறது; ஆவி குளிர்ந்து நுண்துளிகளாகி வெண்படலமாக வெளிவருகிறது. வடநாட்டு மார்கழிக் காலையில் நாம் காணும் மூடுபனி எவ்வாறு நீராவி அன்றி நீர்த்துளிகளோ, அவ்வாறே இதுவும் துளிகளின் கூட்டம். துளிகள் என்பதால் அவை நுரையீரலின் உட்பகுதிவரை சென்று படிகின்றன.

ஓமும் ஜூலும்

இங்கே சொல்லும் ஓம் மந்திரம் அன்று. பள்ளியாசிரியராக இருந்து விஞ்ஞானியான ஜார்ஜ் ஓம் என்ற ஜெர்மானியரின் பெயர். மின்னோட்டம், மின்னழுத்தத்தைத் தடையால் வகுக்கக் கிடைப்பது என்று அவர் 1827-இல் வெளியிட்டார். கம்பியில் பிறக்கும் சூட்டுக்கு உரிய விதியை ஜேம்ஸ் ஜூல் என்ற ஆங்கிலேயர் 1841-இல் தந்தார். இரண்டையும் சேர்த்தால் நமக்கு வேண்டிய வாய்பாடு கிடைக்கிறது: அழுத்தத்தை அழுத்தத்தால் பெருக்கித் தடையால் வகுத்தால் வருவது வாட்டு.

முழுதும் ஏற்றிய லித்தியம் மின்கலம் ஒன்றின் அழுத்தம் 4.2 வோல்ட்டு. இடையில் சுற்று எதுவுமின்றி அதனை 1.5 ஓம் சுருளோடு நேரே இணைத்தால் 2.8 ஆம்பியர் ஓடும். சூடு ஏறக்குறைய 12 வாட்டு. சுருள் 0.5 ஓமாக இருந்தால் 8.4 ஆம்பியர், 35 வாட்டு. 0.2 ஓமானால் 21 ஆம்பியர், 88 வாட்டு. 0.1 ஓமானால் 42 ஆம்பியர், 176 வாட்டு. மின்கலம் ஒன்றே, அழுத்தமும் ஒன்றே. தடை பாதியானால் சூடு இருமடங்காகிறது. தடை என்ற பெயரைக் கேட்டு, தடை மிகுந்தால்தான் சூடு மிகும் என்று நினைப்போர் உண்டு. அழுத்தம் மாறாத இடத்தில் நடப்பது நேர் எதிரானது.

இந்த எண்களை நம் அறைப்பொருளோடு ஒப்பிட்டால் அவற்றின் பொருள் விளங்கும். குளிர்காலத்தில் வாளித் தண்ணீரைக் காய்ச்சும் 1,000 வாட்டு ராடு, 230 வோல்ட்டில் இழுக்கும் ஓட்டம் 4.3 ஆம்பியருக்குச் சற்று மேல். விரல் பருமனுள்ள மின்கலத்தோடு இணைந்த 0.2 ஓம் சுருள் இழுப்பதோ 21 ஆம்பியர். அதாவது ராடு இழுப்பதைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு. ராட்டுக்கு வீட்டுச் சுவரில் தடித்த கம்பியும், மிகை ஓட்டத்தைத் துண்டிக்கும் பியூசும் உண்டு. மின்கலத்தை நேரே சுருளோடு இணைக்கும் எளிய கருவியில் அத்தகைய காவல் எதுவும் இல்லை.

ஒவ்வொரு மின்கலத்துக்கும் தொடர்ந்து தாங்கக்கூடிய ஓட்டம் இவ்வளவு என்று ஓர் எல்லை உண்டு. இக்கருவிகளில் புழங்கும் உருளை மின்கலங்களில் பல 20 ஆம்பியர் அளவையே தாங்குவன. அதனினும் குறைவாகத் தாங்குவனவும் உண்டு. எல்லை மீறினால் மின்கலம் உள்ளுக்குள்ளேயே சூடாகும். ஒரு கட்டத்துக்கு மேல் உள்ளிருக்கும் இரசாயனப் பொருள்கள் தாமே வினைபுரிந்து மேலும் சூட்டை எழுப்பும். அச்சூடு வினையை இன்னும் விரைவாக்கும். பின்னர்ப் பொத்தானை விட்டாலும் நிற்காது. 2018-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் இத்தகைய கருவி வெடித்து ஒருவர் உயிரிழந்தார். கருவி இயங்காத வேளையிலும் ஆபத்து உண்டு. தனி மின்கலத்தைச் சாவிக்கொத்தோ சில்லறைக் காசோ உள்ள பையில் போட்டு வைத்தால், அவ்வுலோகம் இரு முனைகளையும் இணைத்துவிடக்கூடும். அந்த இணைப்பின் தடை ஏறக்குறைய ஒன்றுமில்லை; ஆகவே ஓட்டம் எவ்வளவு என்பதை மேற்சொன்ன வாய்பாடே கூறும்.

நிலைத்த வாட்டு

நேரிணைப்பில் இன்னொரு குறையும் உண்டு. பயன்படுத்தப் பயன்படுத்த மின்கலத்தின் அழுத்தம் 4.2-இலிருந்து 3.2 வோல்ட்டு அளவுக்கு இறங்குகிறது. அப்போது அதே 1.5 ஓம் சுருளில் 12 வாட்டாக இருந்த சூடு 7 வாட்டுக்குக் குறைந்துவிடும். இதனைச் சரிசெய்யவே பின்னர் வந்த கருவிகளில் ஒரு மின்னணுச் சுற்றை அமைத்தனர். வேண்டிய வாட்டைக் குறித்துவிட்டால், சுருளின் தடையை அளந்து, அதற்கேற்ற அழுத்தத்தை அச்சுற்றே தருகிறது. 40 வாட்டு வேண்டுமெனில் 0.5 ஓம் சுருளுக்கு 4.5 வோல்ட்டும், 0.2 ஓம் சுருளுக்கு 2.8 வோல்ட்டும் அனுப்பும்.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. சுற்று உள்ள கருவியில், மின்கலத்தின்மேல் விழும் சுமை சுருளின் தடையைப் பொறுத்ததன்று; குறித்த வாட்டையே பொறுத்தது. 3.7 வோல்ட்டில் 40 வாட்டு தர வேண்டுமாயின், சுற்றின் சிறு இழப்பை விட்டுவிட்டாலும், மின்கலம் 10.8 ஆம்பியர் கொடுத்தே ஆகவேண்டும். அழுத்தம் 3.2-க்கு இறங்கினால் 12.5 ஆம்பியர் கொடுக்க வேண்டும். அதாவது, மின்கலம் இளைக்க இளைக்க அதன்மேல் சுமை கூடுகிறது. "என் சுருளின் தடை அதிகம், ஆகவே பேட்டரிக்கு ஆபத்தில்லை" என்பது இத்தகைய கருவியில் பொருந்தாத சமாதானம்.

ஒரே ஓம், வேறு சூடு

வாட்டைக் கருவியே நிலைநிறுத்துமாயின், சுருளின் ஓம் எண்ணுக்கு என்ன வேலை? இக்கேள்வியே பொருளின் நடுவுக்கு நம்மை அழைத்துச் செல்கிறது.

சுருள்களில் பெரிதும் பயன்படுவது இரும்பு, குரோமியம், அலுமினியம் மூன்றும் சேர்ந்த ஓர் உலோகக் கலவை. ஸ்வீடன் நாட்டில் உருவான இதன் பெயர் கான்தால். தமிழ்க் காதுக்கு அது நம் 'காந்தல்' போலவே ஒலிப்பது தற்செயலே ஆயினும் பொருத்தந்தான். இக்கம்பியில் இரண்டு பருமன்களை எடுத்துக்கொள்வோம்: ஒன்று 0.32 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள மெல்லியது; மற்றொன்று 0.51 மில்லிமீட்டர் உள்ள தடித்தது. இரண்டிலும் அரை ஓம் சுருள் செய்ய வேண்டும். மெல்லிய கம்பியில் 28 மில்லிமீட்டர் நீளம் போதும். தடித்த கம்பியில் 70 மில்லிமீட்டர் வேண்டும். இனி அவற்றின் மேற்பரப்பைக் கணக்கிட்டால், மெல்லியது 28 சதுர மில்லிமீட்டர். தடித்தது 113 சதுர மில்லிமீட்டர்.

இரண்டும் அரை ஓம். இரண்டுக்கும் 35 வாட்டு கொடுக்கிறோம். கருவியின் முகப்பில் காணும் எண்கள் ஒன்றே. ஆயினும் மெல்லிய சுருளின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் 1.25 வாட்டு வந்து குவிகிறது, தடித்ததில் 0.31 வாட்டுதான். நான்கு மடங்கு வேற்றுமை! கம்பியின் பருமன் இருமடங்கானால், அதே ஓமுக்கு நீளம் நான்கு மடங்கும், மேற்பரப்பு எட்டு மடங்கும் வேண்டியிருக்கும். ஆகவே ஓம், வாட்டு என்ற இரண்டு எண்களைக் கொண்டு மட்டும் சுருள் எவ்வளவு சூடாகும் என்று சொல்லிவிட முடியாது. எவ்வளவு சூடு பிறக்கிறது என்பதை வாட்டு சொல்லும். அது எத்தனை பரப்பில் பரவுகிறது, அங்கே அதனை வாங்கிக்கொள்ள எவ்வளவு திரவம் இருக்கிறது என்பவற்றை எந்த முகப்பும் காட்டுவதில்லை.

எண்ணெய் முந்துமோ, திரி முந்துமோ

பானையில் நீர் இருக்கும்வரை அடுப்பை எவ்வளவு தூண்டினாலும் பானையின் அடி வெகுவாகச் சூடேறுவதில்லை. நீர் 100 டிகிரியில் கொதித்து, வரும் சூட்டையெல்லாம் ஆவியாக்கத்துக்கே செலவிடுகிறது. நீர் வற்றிய பின்னரே அடி பிடிக்கிறது. ராட்டைத் தண்ணீரின்றி இயக்கினால் சிறிது நேரத்தில் பழுதாவதும் இதனாலேயே. மின்சிகரெட்டிலும் திரவமே காவலன். புரொப்பிலீன் கிளைக்கால் 188 டிகிரியிலும் கிளிசரின் 290 டிகிரியிலும் கொதிப்பவை. திரி நன்கு நனைந்திருக்கும்வரை சுருளின் சூடு இவ்வெல்லைகளை ஒட்டியே நிற்கும்.

ஒரு கிராம் திரவத்தை அறைச் சூட்டிலிருந்து ஆவியாக்க ஆயிரம் ஜூலுக்கு மேல் வேண்டும். 12 வாட்டில் மூன்று வினாடி இழுத்தால் கிடைப்பது 36 ஜூல். அதைக்கொண்டு 36 மில்லிகிராமை எட்டவே முடியாது. உலோகமும் காற்றும் தம் பங்கை எடுத்துக்கொண்ட பின் எஞ்சுவது இன்னும் குறைவு. 60 வாட்டில் அதே மூன்று வினாடிக்கு 180 ஜூல், ஐந்து மடங்கு. அச்சூட்டுக்கு ஈடு கொடுக்க, திரியும் ஐந்து மடங்கு விரைவாகத் திரவத்தை இழுத்துத் தரவேண்டும். திரியின் இழுவையோ பஞ்சின் நெருக்கத்தையும் திரவத்தின் குழைவையும் பொறுத்தது. பொத்தானை அழுத்தினால் கூடுவதன்று. கிளிசரின் மிகுந்த திரவம் கெட்டியானது. குளிர்காலத்தில் மேலும் கெட்டியாகும். திரியில் மெல்லவே ஏறும். திரி தருவதைச் சூடு முந்திவிட்டால் சுருளை ஒட்டிய பஞ்சு உலர்ந்துவிடும். எண்ணெய் வற்றிய அகலில் திரி கருகுவது போன்ற நிலை அது.

அப்போதுதான் இரசாயனம் தன் வேலையைத் தொடங்குகிறது. மிகைச் சூட்டில் கிளிசரின் சிதைந்து அக்ரோலின் என்ற பொருளாகிறது. அடிபிடித்த எண்ணெயின் கண்கரிக்கும் நெடி அதனுடையதே. பார்மால்டிஹைடும் அசிட்டால்டிஹைடும் உடன் உண்டாகின்றன. பார்மால்டிஹைடு புற்றுநோய் விளைவிப்பது என உறுதிசெய்யப்பட்ட பொருள். அமெரிக்காவில் போர்ட்லாந்து மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், 3.3 வோல்ட்டில் இயக்கியபோது தென்படாத பார்மால்டிஹைடுச் சேர்மங்கள், அதே கருவியை 5 வோல்ட்டில் இயக்கியபோது தென்பட்டன. உலர்ந்த திரியின் கசப்பை எவரும் தாங்கி இழுப்பதில்லை, ஆகவே அவ்வளவு இயல்பான பயன்பாட்டில் உண்டாகாது என்று கிரேக்க ஆய்வாளர் அதே ஆண்டில் மறுப்புரைத்தனர்.

மறுப்பில் நியாயம் உண்டு. கருகல் சுவை ஓர் எச்சரிக்கையே. ஆயினும் நாக்கு ஓர் அளவுகோல் அன்று. இனிப்பும் பழவாசனையும் சேர்த்த திரவத்தில் சிறு கருகல் மறைந்துபோகக்கூடும். நனைந்த திரிக்கும் உலர்ந்த திரிக்கும் இடையே கோடு கிழித்தாற்போல் எல்லையும் இல்லை. ஒரு பக்கம் நனைந்தும் மறுபக்கம் வறண்டும் இருக்கும் நிலைகள் பல. வாட்டைக் கூட்டும் ஒவ்வொரு படியிலும் பயன்படுத்துவோர் அவ்வெல்லையை நெருங்கிச் செல்கிறார் என்பது மட்டும் உறுதி.

இவ்வாபத்தைக் குறைக்கச் சில கருவிகள் சுருளின் சூட்டை அளக்கின்றன. நிக்கல் கம்பியின் தடை சூட்டோடு சேர்ந்து வளரும். அறைச் சூட்டிலிருந்து 220 டிகிரிக்கு ஏறினால் ஏறத்தாழ இருமடங்காகும். தடை கூடுவதைக் கொண்டு சூட்டைக் கணித்து, எல்லையைத் தாண்டாமல் ஓட்டத்தைக் குறைக்கலாம். கான்தால் கம்பியில் இது கைகூடாது. அதன் தடை சூட்டால் மாறுவது மிகச் சிறிதே. இவ்வேற்பாடும் சுருள் முழுமைக்கும் சராசரியைத்தான் காட்டும். ஒரு மூலையில் மட்டும் காந்துவதை அது அறியாது. மேலும் சூடேறிய கம்பியே குற்றமற்றதன்று. நிக்கல், குரோமியம், ஈயம் முதலிய உலோகங்களின் நுண்ணளவுகள் சுருளைத் தொட்டு வந்த ஆவியில் காணப்பட்டதை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர் 2018-இல் வெளியிட்டனர்.

முகப்பில் காணாத எண்

கருவியின் முகப்பில் ஓம் உண்டு, வாட்டு உண்டு, வோல்ட்டும் உண்டு. உடலுக்கு முதன்மையான எண் ஒன்று மட்டும் அங்கே இல்லை. அது நிக்கோட்டின் அளவு. இழுப்பு ஒன்றுக்கு ஆவியாகும் திரவத்தின் அளவையும், அத்திரவத்தில் நிக்கோட்டின் எவ்வளவு கலந்துள்ளது என்பதையும் பெருக்கினால் வருவது அது. முதலாவதை முடிவு செய்வதில் பெரும்பங்கு வாட்டுக்கே.

ஆகையால்தான், மற்ற நாடுகளில் 12 வாட்டு போன்ற சிறு சூட்டில் இயங்கும் கருவிகளுக்கு மில்லிலிட்டருக்கு 18 மில்லிகிராம் அளவிலான திரவமும், தாழ்ந்த ஓம் சுருளுள்ள பெருங்கருவிகளுக்கு 3 மில்லிகிராம் அளவிலான திரவமும் விற்றனர். முன்னதற்கு உரிய திரவத்தைப் பின்னதில் ஊற்றிவிட்டால், ஓர் இழுப்பில் உட்செல்லும் நிக்கோட்டின் பல மடங்காகும். தலைசுற்றல், குமட்டல், படபடப்பு ஆகியவை அதன் அறிகுறிகள். ஐரோப்பியக் கூட்டமைப்பில் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்ற விதி இருக்கிறது. நம் நாட்டிலோ கைமாறும் பொருள் யாவும் சட்டத்துக்குப் புறம்பானது. புட்டியின்மேல் எழுதியிருப்பதற்கு எவரும் பொறுப்பாளி அல்லர். ஓம் எண்ணை அரை நொடியில் அளந்துவிடும் கருவி, திரவத்தில் இருப்பது என்ன என்பதை அளக்காது. அமெரிக்காவில் 2019-இல் பரவிய நுரையீரல் நோயில் 2020 பிப்ரவரிக்குள் 68 பேர் இறந்தனர்; பெரும்பாலும் கள்ளச் சந்தையில் வாங்கிய கஞ்சாச் சத்துத் திரவங்களில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிட்டேட்டு என்ற பொருளே அதற்கு முதற்காரணமாகக் கருதப்பட்டது. அங்கே குறை சுருளில் இல்லை, புட்டியில் இருந்தது.

நிக்கோட்டின் பழக்கத்துக்கு அடிமையாக்கும் பொருள் என்பதில் ஐயமில்லை. சிகரெட்டு ஒன்று எரிந்து முடிந்தால் அதற்கு ஒரு முடிவு உண்டு. தொட்டியும் பேட்டரியும் உள்ளவரை இதற்கு அத்தகைய முடிவு இல்லை. படிக்கும்போது மேசைமேல் இருப்பதை எத்தனை முறை எடுத்தோம் என்ற கணக்கும் தங்குவதில்லை. புகையிலையை எரிப்பதால் எழும் தாரும் கார்பன் மோனாக்சைடு முதலிய நஞ்சுகளும் இதில் குறைவு என்பது உண்மையே. நெடுநாள் சிகரெட்டு குடித்தவரைப் பற்றிய அந்த ஒப்பீட்டை, இதுவரை ஒன்றையும் தொடாத பதினெட்டு வயது மாணவருக்குப் பொருத்துவது கணக்குப் பிழை. அவர் முன்னுள்ள மாற்று சிகரெட்டு அன்று; தூய காற்று.

சட்டமும் அறிவும்

2019 ஆம் ஆண்டுச் சட்டப்படி விற்பனை முதலிய குற்றத்துக்கு முதன்முறை ஓராண்டுவரை சிறையோ, ஒரு லட்ச ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். மீண்டும் செய்தால் மூன்றாண்டுவரை சிறையும் ஐந்து லட்ச ரூபாய்வரை அபராதமும் உண்டு. இருப்பு வைப்பதற்கு ஆறு மாதம்வரை சிறையோ, 50,000 ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. நண்பருக்காக நான்கு வாங்கி அறையில் வைத்திருப்பவர் தம்மை வணிகராக எண்ணுவதில்லை; சட்டம் அவ்வாறே எண்ணும் என்பதற்கு உறுதியில்லை.

ஆயினும் சட்டத்துக்கு அஞ்சி மட்டும் ஒன்றை விலக்குவது மாணவர்க்கு முழுமையான காரணம் ஆகாது. வாய்பாட்டைக் கற்றவர் அதனைக் கடைசிவரை போட்டுப் பார்க்க வேண்டும். தடையைக் குறைத்தால் சூடு கூடும்; சூடு கூடினால் திரவம் கூடுதலாக வேண்டும்; திரவம் கூடினால் நிக்கோட்டின் கூடும்; திரவம் குறைந்தால் நஞ்சு பிறக்கும். இரு வழியிலும் விலை கொடுப்பது நுரையீரலே. "எத்தனை வாட்டு?" என்று அடுத்த முறை யாரேனும் பெருமையோடு சொல்லும்போது, "எத்தனை சதுர மில்லிமீட்டரில்? எவ்வளவு திரவத்தில்? எவ்வளவு நிக்கோட்டின்?" என்று மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். விடை வராது. விடை தெரியாத ஒன்றை மூச்சுக்குள் இழுப்பதா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளலாம்.